மூணாவது பெட்டி எங்கே?

உங்க போனை எடுங்க. ஏதாவது ஒரு யூனிட் கன்வர்ட்டரைத் திறந்து 'ஃப்ளோ ரேட்'னு போங்க. ரெண்டு பெட்டி வரும். முதல் பெட்டியில நிமிஷத்துக்கு 100 கன அடின்னு அடிங்க. ரெண்டாவது பெட்டியில மணிக்கு 169.9 கன மீட்டர்னு விடை வந்து நிக்கும். அரை செகண்ட் வேலை.

இப்போ ஒரு கேள்வி. நீங்க கொடுத்த 100 கன அடி தண்ணியா, காத்தான்னு அது கேட்டுச்சா? கேட்கல. காத்துன்னா, எந்த அழுத்தத்துல, எந்த வெப்பநிலையிலன்னு கேட்டுச்சா? அதுவும் இல்ல. தண்ணின்னா, அந்த 100 கன அடி நாள் முழுக்க ஓடுதா, அரை மணி நேரம் ஓடி நிக்குதான்னு கேட்டுச்சா? ம்ஹூம்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: அந்தக் கன்வர்ட்டர்ல மூணாவதா ஒரு பெட்டி இருக்கணும். 'எந்த நிலையில?' என்கிற பெட்டி. அது ஆப்ல இல்லாததைக்கூட விட்டுடலாம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு வெளிய போகப் போற நம்ம தலைக்குள்ளயும் அது இல்லைங்கிறதுதான் என் கவலை.

(யூனிட் குழப்பத்துல செவ்வாய்க்குப் போன விண்கலம் தொலைஞ்ச கதையைச் சொல்லப் போறேன்னு நினைச்சீங்கன்னா, இல்ல. முதல் செமஸ்டர்லயே எல்லா சாரும் அதைச் சொல்லியாச்சு.)

முதல்ல தண்ணி

தண்ணி நல்ல பிள்ளை. அழுத்தினாலும் பெருசா சுருங்காது. சூடானாலும் பெருசா விரியாது. 4 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைக்கும் போனாலும் அதோட அடர்த்தி 0.6 சதவீதம்தான் குறையும். அதனால தண்ணிக்கு கன்வர்ஷன் ஃபேக்டரை நம்பிப் பெருக்கலாம். ஒரு கன அடி 28.317 லிட்டர். ஒரு கேலன்னா மட்டும் அமெரிக்க கேலனா (3.785 லிட்டர்), பிரிட்டிஷ் கேலனா (4.546 லிட்டர்) என்று பார்த்துக்கணும். பழைய பம்ப் தகட்டைப் படிக்கும்போது இது காலை வாரும். மத்தபடி பெருக்கல்தான்.

ஆனா தண்ணிக்கும் ஒரு மூணாவது பெட்டி இருக்கு. அதோட பேர் நேரம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக் இல்ல, எங்க தாத்தா.

தாத்தா திருவாரூர் பக்கம், கடைமடை. காலையில பேப்பர் வந்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் முதல்ல பார்ப்பார். "விநாடிக்கு 10 ஆயிரம் கன அடி திறப்பு"ன்னு நான் படிச்சுக் காட்டினா உடனே கேட்பார்: "எத்தனை நாளைக்கு விடுறாங்களாம்?" எனக்கு அப்போ அது சம்பந்தமில்லாத கேள்வியாத் தெரிஞ்சுது. 10 ஆயிரம் பெரிய நம்பர்தானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே?

இப்போ கணக்கு போட்டாத்தான் புரியுது. கன அடி/விநாடி என்பது வேகம். டி.எம்.சி. என்பது அளவு, அதாவது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டாத்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. உள்ளே ஒரு சொட்டுகூட வராம, அடிவரைக்கும் எடுக்க முடியும்னு வெச்சுக்கிட்டாலும், விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி வீதம் விட்டா 90 நாள்ல அணை காலி. நெல்லுக்கு அதைவிட அதிக நாள் தண்ணி வேணும்னா வானத்தைத்தான் பார்க்கணும். தாத்தா கேட்டது இதைத்தான்.

இன்னொரு உதாரணம். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் காவிரி வழக்குல தீர்ப்பு சொன்னப்போ, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. கிடைக்கணும்னு சொல்லுச்சு. இதைக் கன்வர்ட்டர்ல போட்டா சராசரியா விநாடிக்கு 5,620 கன அடின்னு வரும். கணக்கு சரி. ஆனா அந்த எண்ணை வெச்சு ஒரு விவசாயியால ஒரு வயலைக்கூட நட முடியாது. மாசவாரிப் பங்கீட்டைப் பாருங்க. ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி., அதாவது விநாடிக்கு சுமார் 17,150 கன அடி. பிப்ரவரிக்கு 2.5 டி.எம்.சி., அதாவது வெறும் 1,030 கன அடி சொச்சம். குறுவைக்கும் சம்பாவுக்கும் எப்போ தண்ணி தேவைங்கிறதுதான் வழக்கோட உயிர். ஆண்டுக் கணக்கு சரியா இருந்தும், ஜூன், ஜூலையில வராத தண்ணி நவம்பர் மழையோட சேர்ந்து வந்தா யாருக்கு லாபம்? 5,620 என்கிற எண் இந்தச் சண்டையை முழுசா மறைச்சுடுது.

வீட்டுக்கு வாங்க. நகரத்துல ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம்ம நாட்டுல குடிநீர்த் திட்டங்களுக்கு வெச்சிருக்கற அளவு. நாலு பேர் இருக்கற வீட்டுக்கு 540 லிட்டர். இதை நிமிஷக் கணக்குக்கு மாத்துங்க: 0.375 லிட்டர். அதாவது நிமிஷத்துக்கு 375 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவு. இதை நம்பி நீங்க குழாய் சைஸ் போட்டீங்கன்னா தெருவே உங்களைத் தேடி வரும். ஏன்னா பல ஊர்ல கார்ப்பரேஷன் தண்ணி 24 மணி நேரமும் வர்றதில்ல. ஒரு மணி நேரம்தான் விடுறாங்கன்னா, அதே 540 லிட்டருக்கு நிமிஷத்துக்கு 9 லிட்டர் வரணும். 24 மடங்கு. கன்வர்ஷன்ல ஒரு தப்பும் இல்ல. ஆனா தெருக்கோடி வீட்டுல இருக்கற அக்கா குடத்தை வெச்சுக்கிட்டு நின்னுட்டே இருப்பாங்க.

இப்போ காத்து

தண்ணி நல்ல பிள்ளைன்னா, காத்து அப்படி இல்ல. அழுத்தினா சுருங்கும், சூடானா விரியும். ஒரு கன மீட்டர் காத்துன்னா அதுக்குள்ள எவ்வளவு காத்து இருக்குன்னு வெறும் அளவை வெச்சுச் சொல்லவே முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

போன லீவுல கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லுல இன்டர்ன்ஷிப். கம்ப்ரஸர் ரூம்ல விட்டாங்க. முழு லோடுல ஓடிட்டிருந்த கம்ப்ரஸரோட தகட்டுல நிமிஷத்துக்கு 300 கன அடின்னு இருந்துச்சு. டிரையருக்கு அப்புறம் லைன்ல இருந்த ஃப்ளோ மீட்டர் மணிக்கு 420 கன மீட்டரை ஒட்டிக் காட்டுச்சு. நான் போனை எடுத்தேன். 300 கன அடி/நிமிஷம் என்றால் மணிக்கு 510 கன மீட்டர். அப்போ 90 கன மீட்டர் எங்கே? லீக்! ரெண்டு நாள் சோப்புத் தண்ணியும் கையுமா ஒவ்வொரு ஜாயின்ட்டாத் தேடினேன். ஒரு குமிழி வரல. சரி, கம்ப்ரஸரே தேஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணி, "திறன் 18 சதவீதம் குறைவு"ன்னு ரிப்போர்ட்டும் எழுதிட்டேன்.

மெயின்டனன்ஸ் அண்ணன் அதைப் படிச்சுட்டுச் சிரிக்கல. அதுக்கே அவருக்கு நன்றி சொல்லணும். "தம்பி, லீக்கு தேடறது இருக்கட்டும். மீட்டர்ல கன மீட்டருக்கு முன்னாடி 'நார்மல்'னு ஒரு வார்த்தை போட்டிருக்குதே, அது என்னன்னு பாத்தியா?" என்றார். நான் பார்க்கல. "அது ஜீரோ டிகிரி கணக்குப்பா. நம்மூர்ல என்னைக்குப்பா ஜீரோ டிகிரி அடிச்சுது?"

அவ்வளவுதான். கம்ப்ரஸர் சொல்ற 300 கன அடி என்பது வெளியில இருந்து இழுக்கற காத்து, அன்னைக்கு இருந்தபடி. அன்னைக்கு வெளியில 35 டிகிரி. கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 410 மீட்டர் உயரம். அங்கே காத்தழுத்தம் 1,013 மில்லிபார் இல்ல, 965-ஐ ஒட்டித்தான் இருக்கும். நார்மல் கன மீட்டர் என்பது 0 டிகிரி, 1,013 மில்லிபார். கணக்கு போடுங்க: வெப்பநிலைக்கு 273-ஐ 308-ஆல் வகுத்தா 0.886. அழுத்தத்துக்கு 965-ஐ 1,013-ஆல் வகுத்தா 0.953. 510-ஐ ரெண்டாலயும் பெருக்கினா 430. காத்துல இருந்த ஈரம் டிரையர்ல தண்ணியா இறங்கிடும். அதுக்கு இன்னும் ஒரு 15 போகும். மீட்டர் காட்டினது 420. லீக்கும் இல்ல, தேய்மானமும் இல்ல. கம்ப்ரஸர் ஒழுங்காத்தான் இருந்துச்சு.

என் ரிப்போர்ட்டை ஒருத்தர் நம்பியிருந்தா ஒரு நல்ல மெஷினைப் பிரிச்சுப் போட்டு ஓவர்ஹால் பண்ணியிருப்பாங்க. கன்வர்ட்டர் சொன்னது தப்பில்ல. நான் கேட்கத் தவறினதுதான் தப்பு.

சரி, 0 டிகிரின்னு மனப்பாடம் பண்ணிக்கலாம்னு நினைக்கறீங்களா? அதுவும் பத்தாது. 'நார்மல்' 0 டிகிரி. ஆனா நம்ம நாட்டுல இயற்கை எரிவாயுவை அளக்கற 'ஸ்டாண்டர்ட் கன மீட்டர்' 15 டிகிரி. அமெரிக்காவோட ஸ்டாண்டர்ட் கன அடி 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 15.6 டிகிரி செல்சியஸ். ஒரு நார்மல் கன மீட்டர் 1.055 ஸ்டாண்டர்ட் கன மீட்டர். ரெண்டும் கன மீட்டர்தான். ஆனா ஐந்தரை சதவீதம் வித்தியாசம். ஸ்கூல்ல ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர்னு உருப்போட்டோமே, அதுவே எந்த அழுத்தத்துக்குன்னு கேட்டா ஆடும். ஒரு அட்மாஸ்ஃபியருக்கு 22.4, ஒரு பாருக்கு 22.7. வேதியியலின் உலக அமைப்பான ஐ.யூ.பி.ஏ.சி. 1982-லேயே அட்மாஸ்ஃபியரை விட்டு பாருக்கு மாறியாச்சு. நாம இன்னும் 22.4-லயே நிக்கறோம்.

இது மில்லோட போற விஷயம் இல்ல

மில்லுல தப்பு நடந்தா பணம் போகும். வேற இடத்துல?

2021 ஏப்ரல், மே ஞாபகம் இருக்கா? நாம எல்லாம் வீட்டுக்குள்ள ஆன்லைன் கிளாஸ்ல இருந்தோம். டி.வி.யில 'ஆக்சிஜன்' என்கிற வார்த்தை ஓடிட்டே இருந்துச்சு. மாநிலங்களுக்கு ஒதுக்கீடு டன் கணக்குல. டேங்கர்ல வந்தது திரவம். சிலிண்டர் கன மீட்டர் கணக்குல. பெரிய சிலிண்டர்னா 7 கன மீட்டர். ஆஸ்பத்திரி வளாகத்துல வெச்ச ஆக்சிஜன் பிளான்ட், நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் என்கிற மாதிரி. கட்டில்ல படுத்திருந்தவருக்கு, நிமிஷத்துக்கு 10 லிட்டர், 15 லிட்டர்.

அந்த நேரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டியில இருந்த ஒருத்தருக்கு வேண்டியது ஒரே ஒரு விடை: இருக்கறது எவ்வளவு நேரம் தாங்கும்? சிலிண்டர்னா ஓரளவு சுலபம். 7,000 லிட்டரை 10-ஆல வகுத்தா 700 நிமிஷம், பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டன்னுன்னா? ஒரு டன் ஆக்சிஜன் 0 டிகிரியில சுமார் 700 கன மீட்டர். 25 டிகிரியில சுமார் 764 கன மீட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 14.4 கன மீட்டர் வேணும். முதல் கணக்குப்படி ஒரு டன் 48 பேருக்கு ஒரு நாள் வரும். ரெண்டாவது கணக்குப்படி 53 பேருக்கு. பத்து டன்னுக்கு 44 பேர் வித்தியாசம்.

தட்டுப்பாட்டுக்கு யூனிட்தான் காரணம்னு நான் சொல்ல வரல. காரணங்கள் வேற, ரொம்பப் பெருசு. ஆனா ஒரு பட்டியல்ல ஒரு பக்கம் டன்னும் இன்னொரு பக்கம் நிமிஷத்துக்கு லிட்டரும் இருந்து, நடுவுல 'எந்த நிலையில' என்கிற வரி இல்லைன்னா, அந்தப் பட்டியல் எத்தனை பேரைக் கணக்குல எடுத்திருக்குன்னே யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டியலை அடுத்த தடவை தயாரிக்கப் போறவங்கள்ல நம்ம பேட்ச்சும் இருக்கும்.

"அதெல்லாம் மெஷின் பாத்துக்கும்"

இதை என் ரூம் மேட்கிட்ட சொன்னேன். அவன் ரெண்டு பதில் சொன்னான். ஒண்ணு, "இப்போல்லாம் மாஸ் ஃப்ளோ மீட்டர் வந்தாச்சுடா, அழுத்தம், சூடு எல்லாம் அதுவே பாத்துக்கும்." ரெண்டு, "ஏ.ஐ.கிட்ட கேட்டா மாத்திக் கொடுத்துடும்."

ரெண்டுலயும் நியாயம் இருக்கு. ஆனா முதல் விஷயத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மாஸ் ஃப்ளோ மீட்டரும் கடைசியில் ஸ்க்ரீன்ல காட்டறது பெரும்பாலும் 'நிமிஷத்துக்கு இத்தனை ஸ்டாண்டர்ட் லிட்டர்'தான். அந்த ஸ்டாண்டர்ட் ஒரு கம்பெனிக்கு 0 டிகிரி, இன்னொரு கம்பெனிக்கு 20, வேறொண்ணுக்கு 25. 0-க்கும் 25-க்கும் நடுவுல 9 சதவீதம். ரெண்டு கம்பெனி மீட்டரை ஒரே லைன்ல மாட்டினா ரெண்டும் வேற வேற எண் காட்டும், ரெண்டுமே சரி. நீங்க மறுபடியும் சோப்புத் தண்ணியோட லீக் தேடுவீங்க.

ஏ.ஐ. விஷயம்? நீங்க கேட்டா அது அழகா மாத்திக் கொடுக்கும். 35 டிகிரி, 965 மில்லிபார்னு நீங்க சொன்னா அதையும் சேர்த்துப் போடும். ஆனா அன்னைக்கு கம்ப்ரஸர் ரூம்ல வியர்த்து நின்னது நான்தான். அங்கே 35 டிகிரின்னு எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லணும்னு தெரியாத வரைக்கும் எந்த மெஷினும் எனக்கு உதவ முடியாது.

அப்போ என்ன பண்ணலாம்?

பெரிய சிலபஸ் மாற்றம் எல்லாம் நான் கேட்கல. மூணே மூணு.

ஒண்ணு, லேப் ரெக்கார்டு. ஃப்ளோ எழுதற ஒவ்வொரு அட்டவணையிலயும் அழுத்தம், வெப்பநிலைன்னு ரெண்டு காலம் சேருங்க. இப்போ நாம ரீடிங் மட்டும் எழுதறோம். அதுவும் பாதி நேரம் போன வருஷ ரெக்கார்டைப் பாத்து.

ரெண்டு, நம்ம லேப்ல இருக்கற ரோட்டாமீட்டரைப் பக்கத்துல போய்ப் பாருங்க. கண்ணாடிக் குழாய்ல பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும்: எந்த வாயு, எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம். அந்த ஸ்கேல் அந்த ஒரு நிலைக்கு மட்டும்தான் பேசும். சாதாரணக் காத்தழுத்தத்துக்குக் கீறின ஸ்கேல்ல, அதே வெப்பநிலையில நாலு மடங்கு அழுத்தத்துல காத்தை விட்டீங்கன்னா, சாதாரண அழுத்தத்துக்கு மாத்திக் கணக்கு போடும்போது அது காட்டறதைவிட ரெண்டு மடங்கு காத்து உண்மையில போயிட்டிருக்கும். நாலு செமஸ்டரா அந்த வரியை நானும் படிக்காமத்தான் தாண்டிப் போனேன்.

மூணு, வைவாவுக்கு வர்ற சார், மேடம்கிட்ட ஒரு வேண்டுகோள். "ஒரு கன அடிக்கு எத்தனை லிட்டர்?"னு கேட்காதீங்க. அது போன்ல இருக்கு. "மணிக்கு 500 கன மீட்டர் காத்து"ன்னு சொல்லிட்டு நிறுத்துங்க. "எந்த நிலையில சார்?"னு திருப்பிக் கேட்கறவனுக்கு ஃபுல் மார்க் போடுங்க. நம்மள்ல எத்தனை பேருக்குக் கிடைக்கும்னு பார்ப்போம்.

எங்க தாத்தாவுக்கு 28.317 தெரியாது. டி.எம்.சி.யை விநாடிக்கு மாத்தச் சொன்னா முழிப்பார். ஆனா ஒரு எண்ணைக் கேட்டதும் அதுல என்ன சொல்லாம விட்டிருக்காங்கன்னு அவருக்குத் தெரியும், ஏன்னா அந்தத் தண்ணி வரலைன்னா காயப் போறது அவர் வயல். நமக்கு ஃபேக்டர் எல்லாம் தெரியும். வயல்தான் இன்னும் கையில வரல. அடுத்த வருஷம் வந்துடும் - ஒரு பைப்லைனாவோ, பாய்லராவோ, ஒரு ஆஸ்பத்திரி ஆக்சிஜன் லைனாவோ.

அதுக்குள்ள அந்த மூணாவது பெட்டியை நீங்களே வரைஞ்சு வெச்சுக்கங்க.